சோக்கின் சூடு எங்கே போகிறது?

விருத்தாசலம் பீங்கான் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை கார்த்திகை மாதத்து அகல்விளக்கும் சின்னச் சின்னப் பொம்மைகளும்தான். அந்த ஊரின் செராமிக் தொழிற்பேட்டை இன்னொரு வகைச் சரக்குக்கும் பேர்போனது. அது மின்சார வேலைக்கான வெள்ளைப் பீங்கான்: ப்யூஸ் கட்டை, இன்சுலேட்டர், கம்பியை முடுக்கும் கனெக்டர். அழகுக்காக வாங்கப்படாத, சுவரில் மாட்டியபின் யாரும் திரும்பிப் பார்க்காத பொருட்கள். வேலை என்னவோ கடினமானது. பக்கத்தில் பொறி பறந்தாலும் கருகக்கூடாது, சூடேறினாலும் உருகக்கூடாது, ஈரம் பட்டாலும் மின்சாரத்தைக் கடத்தக்கூடாது. சூட்டைத் தாங்குவதையே தொழிலாகக் கொண்ட இந்தப் பொருளோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு கவலை, மூடிய அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் செடி வளர்ப்பவர்களிடம் உண்டு. விளக்கோடு இணைந்த சோக் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறதே, இதற்கு என்ன செய்வது? எந்தப் பொருளால் செய்த பெட்டியில் வைத்தால் தாங்கும் என்று யோசிப்பதுதான் வழக்கம். அந்த யோசனை தப்பான இடத்தில் தொடங்குகிறது. சோக்கைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும், அதில் பிறந்த சூடு வெளியேற வழி இருக்கிறதா இல்லையா என்பதுதான். தாங்கும் பொருளுக்கு வேலை இருக்கிறது. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது.

விளக்கொளியில் செடி வளர்ப்பது ஏதோ குளிர்நாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இன்று நடப்படும் ஜி-9 வாழைக்கன்றுகளில் பெரும்பகுதி தன் முதல் சில மாதங்களைக் கண்ணாடிப் புட்டிக்குள், டியூப்லைட்டுக்கோ எல்.இ.டி. விளக்குக்கோ அடியில்தான் கழிக்கிறது. திசு வளர்ப்புக் கூடங்களின் ஏற்பாடு எங்கும் ஏறக்குறைய ஒன்றே. அறை வெப்பம் 25 டிகிரி, இரண்டு டிகிரி கூடலாம், குறையலாம். ஒரு நாளில் 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருட்டு. அடுக்கடுக்கான தட்டுகளில் புட்டிகள், ஒவ்வொரு தட்டுக்கும் மேலே இரண்டு மூன்று விளக்குகள். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் சாமந்தியை உரிய காலத்தில் பூக்க வைக்க இரவில் விளக்கு எரிக்கிறார்கள். அங்கே வேண்டியது நாளின் நீளத்தைப் பற்றிச் செடிக்கு ஒரு பொய் சொல்லும் அளவு வெளிச்சம்தான். செடியின் முழு உணவுக்கும் விளக்கையே நம்பும் இடத்தில் 250 வாட், 400 வாட் சோடியம் விளக்குகள் நுழைகின்றன. டியூப்லைட்டானாலும் சோடியம் விளக்கானாலும் சோக் இல்லாமல் எரியாது.

ஏன் எரியாது? சாதாரணக் குண்டு பல்பில் இருப்பது ஓர் இழை. சூடேற ஏற அதன் மின்தடை கூடும். ஆகவே மின்னோட்டம் தானாகவே ஓரிடத்தில் நின்றுவிடும். வாயு வழியாக மின்சாரம் பாயும் விளக்கில் நடப்பது தலைகீழ். மின்னோட்டம் கூடக் கூட வாயு மேலும் அயனியாகி, இன்னும் எளிதாகக் கடத்தும். தடுக்க எதுவும் இல்லையென்றால் ஒரு நொடிக்குள் விளக்கு வெடித்துவிடும் அல்லது ப்யூஸ் போய்விடும். ஏரிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே மதகு என்ன செய்கிறதோ அதையே சோக் இங்கே செய்கிறது. இரும்புத் தகடுகளை அடுக்கி அதன்மேல் செம்புக் கம்பியைச் சுற்றிய சுருள் அது. மாறுமின்னோட்டம் பாயும்போது சுருளில் எழும் காந்தப்புலம் ஓட்டத்தை எதிர்த்து நிற்கிறது. ஒரு சாதாரண மின்தடையை வைத்தும் ஓட்டத்தை அடக்கலாம். ஆனால் விளக்குக்குப் போவதற்குச் சமமான மின்சாரம் வெறும் சூடாக வீணாகும். சுருளோ வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை ஒவ்வொரு சுழற்சியிலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கொடுக்காமல் விழுங்கும் மிச்சம்தான் நம் பிரச்சினை. செம்புக் கம்பியின் மின்தடையால் ஒரு பங்கு சூடு, இரும்பின் காந்தத்திசை நொடிக்கு நூறு முறை புரட்டப்படுவதால் ஒரு பங்கு, தகடுகளுக்குள் சுழலும் சின்ன மின்னோட்டங்களால் இன்னொரு பங்கு. 40 வாட் டியூப்லைட்டின் பழைய வகைச் சோக் 10 முதல் 15 வாட் வரை தின்னும். 400 வாட் சோடியம் விளக்கின் சோக் ஏறத்தாழ 40 வாட். சோக் உறுமுவதும் இதே காந்தப் புரட்டலின் சத்தம்தான்.

ஆகவே சோக் சுடுவது கோளாறு அல்ல, அதன் பிறவிக்குணம். கேள்வி எவ்வளவு சுடலாம் என்பது. தொட்டுப் பார்ப்பது இதற்கு மிக மோசமான அளவுகோல். மனிதத் தோல் 60 டிகிரி உலோகத்தைச் சில நொடிகூடத் தாங்காது. நல்ல நிலையில் உள்ள சோக்கின் மேல்தகடோ 80, 90 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். தரமான சோக்கின் முகப்பில் இதற்கான விடை அச்சிடப்பட்டிருக்கும். டி-டபிள்யூ 130 என்று ஓர் எண், டெல்டா-டி 65 என்பது போல இன்னொன்று. முதல் எண் சுருளின் வெப்பநிலை. சுருள் 130 டிகிரியிலேயே இடைவிடாமல் இருந்தாலும் பத்து ஆண்டு, அதாவது 87,600 மணி நேரம் உழைக்கும் என்று அதற்குப் பொருள். இரண்டாவது எண், வழக்கமான ஓட்டத்தில் சுருள் சுற்றுப்புறத்தைவிட எத்தனை டிகிரி மேலே ஏறும் என்பது. இந்த இரண்டையும் கழித்துப் பார்த்தால் சோக்கைச் சுற்றியுள்ள காற்று 65 டிகிரி வரை போகலாம் என்று தெரியும். கடையில் வாங்கும்போது வாட்டையும் விலையையும் பார்க்கிறோம்; இந்த இரண்டு எண்களைப் பார்த்து வாங்குபவர் அபூர்வம். எண்ணே அச்சிடாத மலிவுச் சோக்குகளும் சந்தையில் தாராளமாகக் கிடைப்பதால், பார்க்காதவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எல்லையைத் தாண்டினால் சோக் உடனே எரிந்துவிடாது. அதனால்தான் தாண்டியதே தெரிவதில்லை. சுருளின் கம்பிமேல் இருக்கும் எனாமல் பூச்சும் அதன்மேல் ஊற்றிய வார்னிஷும் கரிமச் சேர்மங்கள். சூடு அவற்றை மெல்ல மெல்ல ஆக்சிஜனேற்றி மொறுமொறுப்பாக்குகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். சோக்குகளைச் சோதிக்கும் பன்னாட்டுத் தரநிலை, ஆயுளுக்கும் வெப்பத்துக்கும் இடையே ஒரு சூத்திரமே வைத்திருக்கிறது. அதன்படி கணக்கிட்டால் 130 டிகிரியில் பத்து ஆண்டு உழைக்கும் சுருள் 150 டிகிரியில் மூன்று ஆண்டில் முடிந்துபோகும். 160 டிகிரியில் இரண்டு ஆண்டுகூட வராது. எதிர்ப்பக்கமும் அதே கணக்குதான். 105 டிகிரியில் வைத்திருந்தால் ஏட்டளவில் ஐம்பது ஆண்டைத் தாண்டும். கால் நூற்றாண்டு பழைய டியூப்லைட் பட்டிகள் பள்ளிக்கூடங்களில் இன்றும் எரிந்துகொண்டிருப்பதற்கு இதைவிட ரகசியமான காரணம் எதுவும் இல்லை. உயரமான கூரைக்குக் கீழே, காற்றோட்டத்தில், அவை எல்லைக்கு வெகு கீழே ஓடின.

விருத்தாசலம், நெய்வேலி வட்டாரத்தில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். டெல்டா-டி 65 உள்ள சோக் திறந்த வெளியில் அந்த வெயிலிலும் 105 டிகிரியில்தான் நிற்கும், கவலையே இல்லை. அதே சோக்குகள் நான்கை, ஒவ்வொன்றும் 400 வாட் விளக்குக்கானவை, எலியும் தண்ணீரும் படக்கூடாதென்று ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதாக வைத்துக்கொள்வோம். பெட்டிக்குள் 160 வாட் சூடு பிறக்கிறது. பெட்டியின் வெளிப்பரப்பு அரைச் சதுர மீட்டர் என்றால், காற்றோட்டமில்லாத இடத்தில் அந்தப் பரப்பு சுமார் 40 டிகிரி கூடுதல் சூட்டில்தான் 160 வாட்டை வெளியே தள்ள முடியும். வெளியே 40, உள்ளே 80, சுருளில் 145. பத்து ஆண்டு நான்காகிவிட்டது. பெட்டியின் உள்காற்றும் ஒரு தடை என்பதைச் சேர்த்தால் இன்னும் குறையும். வாட் மாறவில்லை, சோக் மாறவில்லை, ஊர் வெயிலும் மாறவில்லை. பூட்டு மட்டும்தான் புதிது.

பெட்டியை வேறு பொருளில் செய்தால் என்ன? சூளையில் 1200 டிகிரிக்கு மேல் வெந்து வந்த பீங்கானுக்கு இந்த 80 டிகிரி ஒரு பொருட்டா? பொருட்டில்லைதான், ஆனால் தாங்குவது பெட்டி, வேகுவது சோக். பீங்கான் சூட்டை மோசமாகக் கடத்துவதால் அப்படி ஆகிறது என்று அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. ஒரு மீட்டர் தடிமனுக்கு ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்குப் பீங்கான் ஒன்றரை வாட் அளவும், எஃகு 50 வாட் அளவும், செம்பு 400 வாட் அளவும் கடத்தும். இந்த எண்களைப் பார்த்தால் பீங்கான் பெட்டி எஃகுப் பெட்டியைவிட முப்பது மடங்கு மோசம் என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி வராது. நம் 160 வாட் ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள பீங்கான் சுவரைக் கடக்க இரண்டு டிகிரி வித்தியாசம் போதும். மீதி நாற்பது டிகிரியும் சுவரின் வெளிமுகத்திலிருந்து காற்றுக்குத் தாவும் அந்தக் கடைசி அடியில்தான் செலவாகிறது. செம்பிலே பெட்டி செய்தாலும் அந்தக் கடைசி அடி அப்படியே இருக்கும். முட்டுக்கட்டை காற்றிடம் இருக்கும்போது சுவரை மாற்றிப் பயனில்லை. பெட்டியின் அடியிலும் உச்சியிலும் துளை வைத்துச் சூடான காற்று மேலே போகவும் குளிர்ந்தது கீழே நுழையவும் விட்டால், எந்த உயர்ரகப் பொருளும் தராத பலன் கிடைக்கும். துளைக்குள் எலி வரும் என்றால் வலை வைக்கலாம்.

பெயின்ட் விஷயமும் இதோடு சேர்ந்தது. வெளிமுகத்திலிருந்து போகும் சூட்டில் ஏறக்குறைய பாதி, காற்றைத் தொடாமலே அகச்சிவப்புக் கதிர்வீச்சாகப் போகிறது. பளபளவென்று தேய்த்த உலோகம் இந்தக் கதிர்களை வெளியிடுவதில் படுகஞ்சன். பெயின்ட் அடித்த தகரமும், மெருகேற்றிய பீங்கானும் தாராளம். வெயில் படாத இடத்தில் பெயின்ட் வெள்ளையா கறுப்பா என்பது முக்கியமில்லை, கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது அகச்சிவப்பில் கறுப்பாகவே நடந்துகொள்கிறது. ஆக, பார்வைக்குப் பகட்டான எவர்சில்வர் பெட்டிதான் மூன்றிலும் மோசம். உலோகத்தின் கடத்தும் திறன் உண்மையில் கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு: சோக்கைத் திருகி முடுக்கும் அடித்தகடு. உள்ளங்கை அளவுச் சோக்கின் சூடு அகலமான எஃகுத் தகட்டில் படர்ந்தால் காற்றைத் தொடும் பரப்பு பல மடங்காகிறது. பீங்கான் அல்லது மரப்பலகையில் அது படராது. மரப்பலகை என்று எழுதும்போது ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டியிருக்கிறது; பல ஆண்டு நூறு டிகிரிச் சூட்டில் கிடக்கும் மரம் மெல்லக் கரிந்து, புது மரத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் பற்றிக்கொள்ளும் தன்மையை அடைகிறது.

அறைக்கு வெளியே சோக்கைக் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் திசு வளர்ப்புக் கூடங்களில் பழையது. அதற்கு அங்கே சொல்லப்படும் காரணம் ஏசி செலவு. ஐந்து தட்டுள்ள ஓர் அலமாரிக்குப் பத்து டியூப்லைட், ஒரு சோக்குக்கு 12 வாட், ஆக 120 வாட். அப்படிப் பத்து அலமாரி இருந்தால் 1,200 வாட். ஒரு டன் ஏசி அகற்றும் சூடு சுமார் 3,500 வாட் என்பதால், சோக்குகளுக்காக மட்டுமே மூன்றில் ஒரு டன் நாளுக்கு 16 மணி நேரம் ஓட வேண்டும். இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. விளக்குக்குப் போகும் 4,000 வாட்டும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தானே முடிகிறது? இலை உணவாகச் சேமிப்பது அதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குகூட இருக்காது. நாலில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகமான சூட்டுக்காகச் சுவரைத் துளைத்து நீளக் கம்பி இழுப்பது வீண் வேலை இல்லையா? சோடியம் விளக்கில் அந்தப் பங்கு பத்தில் ஒன்றுதான் என்பதால் மறுப்பு இன்னும் வலுக்கும். செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வெளியேற்றுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஈரம். செடி வளரும் அறையில் காற்றின் ஈரப்பதம் அதிகம். விளக்கணைந்த எட்டு மணி நேரத்தில் குளிர்ந்த உலோகத்தின்மேல் நீர் படியும். விளக்கேற்றியதும் அதே உலோகம் கொதிக்கும். நாள்தோறும் இப்படி நனைந்து காய்வதில் முதலில் கெடுவது சுருள் அல்ல, கம்பி முடுக்கிய இடம். விருத்தாசலத்துச் சரக்குக்கு வேலை வரும் இடமும் அதுதான்.

400 வாட் சோடியம் விளக்கில் பாயும் மின்னோட்டம் நாலரை ஆம்பியர் அளவு. கம்பியும் திருகும் சேரும் இடத்தில் பாசி பிடித்தோ தளர்ந்தோ ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை உண்டானால் அங்கே இரண்டு வாட் சூடு பிறக்கும். சோக்கின் 40 வாட்டோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனால் சோக்குக்குச் சில கிலோ இரும்பும் செம்பும் அகலமான மேல்பரப்பும் இருக்கின்றன. இந்த இரண்டு வாட் பிறப்பதோ மிளகளவு இடத்தில். அங்கிருந்து அது ஓட இருக்கும் வழி மெல்லிய கம்பி ஒன்றுதான். சூடேறினால் உலோகம் மேலும் ஆக்சிஜனேறும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். சாதாரண வயரின் பி.வி.சி. உறை 70 டிகிரிக்கானது. அது சோக்கின் உடம்பில் உரசினாலே காலப்போக்கில் கெட்டியாகி வெடிக்கும். தளர்ந்த திருகின் பக்கத்தில் சீக்கிரமே உருகிவிடும். இணைப்பைத் தாங்கும் கட்டை பேக்கலைட்டால் ஆனதென்றால் அடுத்த கட்டம் இன்னும் மோசம். பேக்கலைட் கரிந்தால் கரியாகும், கரி மின்சாரத்தைக் கடத்தும், கடத்தும் வழியில் பொறி பறந்து மேலும் கரியும். தீ பிடிக்க இதைவிடத் தோதான ஏற்பாடு வேண்டியதில்லை. பீங்கானில் கரிய எதுவுமில்லை. சூளையில் எரிய வேண்டியதெல்லாம் எரிந்து முடிந்த களிமண், படிகக்கல், ஃபெல்ட்ஸ்பார் அது. பொறி பறந்தால் மெருகு கறுக்கும். உள்ளே அது அதே காப்பானாக இருக்கும். சோடியம் விளக்கைப் பற்றவைக்க இக்னைட்டர் தரும் சில ஆயிரம் வோல்ட் துடிப்புக்கு ஹோல்டர் பீங்கானாகவே இருக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

பீங்கான் என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது. களிமண்ணும் ஃபெல்ட்ஸ்பாரும் நன்றாக உருகிப் பிணைந்து துளையில்லாமல் இறுகும்வரை சுடாத சரக்கு வெள்ளையாக, மெருகோடு, பார்க்க நன்றாகவே இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே ஈரம் உறிஞ்சும். அகல்விளக்குக்கு அது பரவாயில்லை, ஈரமான அறையின் கனெக்டருக்கு ஆகாது. இன்சுலேட்டர் தயாரிப்பில் உடைந்த சில்லைச் சிவப்புச் சாயத்தில் அழுத்தம் கொடுத்து ஊறவைத்து, சாயம் உள்ளே ஏறியிருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. ஏறியிருந்தால் சூளை வெப்பம் போதவில்லை. எரிபொருள் விலை ஏறும்போது எந்தச் சூளைக்காரருக்கும் ஐம்பது டிகிரியை மிச்சம் பிடிக்கும் ஆசை வரும் என்பதால், இந்தச் சோதனை வெறும் சம்பிரதாயமல்ல. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகம் ஒன்று இருக்கிறது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் படுகை இருக்கிறது. நல்ல சரக்கு செய்ய ஊரில் எதற்கும் குறையில்லை. இன்னொரு பலவீனம் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் போகாது. சூட்டில் பித்தளை விரியும் அளவில் மூன்றில் ஒரு பங்குதான் பீங்கான் விரியும். விளக்கு ஏறி இறங்கும் ஒவ்வொரு நாளும் பித்தளைத் திருகு பீங்கானுக்குள் கொஞ்சம் விரிந்து சுருங்குகிறது. செடி வளர்க்கும் அறையில் ஆண்டுக்கு 365 முறை. கட்டை கருகாமல் அப்படியே இருக்க, திருகு மட்டும் தளர்ந்துபோகும். ஆண்டுக்கொரு முறை திருப்புளியோடு ஒரு சுற்று வரத்தான் வேண்டும்.

இவ்வளவும் தேவையா, ப்யூஸ் இருக்கிறதே, எம்.சி.பி. இருக்கிறதே என்று கேட்கலாம். அவை எதைப் பார்க்கின்றன என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும். ப்யூஸ் மின்னோட்டத்தைப் பார்க்கிறது, சூட்டைப் பார்ப்பதில்லை. பூட்டிய பெட்டிக்குள் 160 டிகிரியில் வேகும் சோக் எடுப்பது அதே நாலரை ஆம்பியர்தான். சுருளின் பூச்சு கரிந்து சில சுற்றுகள் தமக்குள் ஒட்டிக்கொண்டால் மின்னோட்டம் ஏறும், விளக்குகூடக் கொஞ்சம் பிரகாசமாக எரியும். வளர்ப்பவர் சந்தோஷப்படக்கூடும்! அப்போதும் அது ஏழு எட்டு ஆம்பியரைத் தாண்டாமல் இருந்தால், ஒரு வரிசை விளக்குகளுக்குப் பொதுவான 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு எதுவும் தெரியாது. பீங்கான் ப்யூஸ் கட்டையில் ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக 5 ஆம்பியர் கம்பி கட்டினாலும், கம்பி ப்யூஸ் தன் அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஓடினால்தான் உருகும். அது முழு ஷார்ட்டிலிருந்து காப்பாற்றும். மெல்ல வேகுவதிலிருந்து காப்பாற்றாது. ஒற்றைக் கம்பி அடிக்கடி போகிறதென்று மூன்று இழையாக முறுக்கிக் கட்டும் நம் ஊர்ப் பழக்கத்தைச் சேர்த்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

விளக்கே கிழடாகும்போது இதைவிட நூதனமான ஆபத்து வருகிறது. சோடியம் விளக்கின் உள்குழாயும் பீங்கான் குடும்பம்தான். கொதிக்கும் சோடியம் ஆவி சாதாரணக் கண்ணாடியை அரித்துவிடும்; 1950களின் இறுதியில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் கோபிள் ஒளியை உள்ளே விடும் அலுமினாப் பீங்கானை உருவாக்கியபிறகே இந்த விளக்கு சாத்தியமானது. குழாய் நீடித்து உழைக்கும்; அதன் இரு முனைகளில் உள்ள மின்வாய்கள் தேயும். ஒன்று முந்தித் தேய்ந்துவிட்டால் மின்சாரம் ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் சிரமப்பட்டும் பாயும். மாறுமின்னோட்டத்துக்கென்று செய்த சோக்குக்குள் ஒரே திசை ஓட்டம் கலந்தால் இரும்பு காந்தத்தால் நிரம்பி, எதிர்க்கும் சக்தியை இழக்கும். மதகு திறந்துகொண்டது போலத்தான். சில நிமிடங்களில் சோக் எல்லை கடந்து கொதிக்கும். இதற்குச் சரியான காவல், சுருளோடு ஒட்டிவைத்த வெப்ப வெட்டி: சூடு ஓர் அளவைத் தாண்டினால் தானே இணைப்பைத் துண்டித்து, ஆறியதும் சேர்க்கும். அமெரிக்காவில் கட்டடங்களுக்குள் பொருத்தும் டியூப்லைட் சோக்குகளுக்கு 1960களின் இறுதியிலேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். விளக்கு அணைந்து அணைந்து எரிகிறதென்றால் பலரும் அதைத் தொல்லை என்று எண்ணி வெட்டியைத் தாண்டிக் கம்பியை நேராக இணைத்துவிடுகிறார்கள். மாற்ற வேண்டியது விளக்கை.

இதெல்லாம் பழங்கதை, எல்.இ.டி. வந்தபின் சோக் ஏது என்பது இன்னும் பெரிய மறுப்பு. பாதி உண்மை. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் முடிவுப்படி நேர்குழாய் டியூப்லைட்டுகளின் உற்பத்தியே 2027க்குள் நிற்க வேண்டும். திசு வளர்ப்புக் கூடங்கள் பலவும் மாறிவிட்டன. ஆனால் எல்.இ.டி.யும் மின்னோட்டத்தை யாராவது அடக்கிக் கொடுக்காமல் எரியாது. சோக்கின் இடத்துக்கு வந்த டிரைவர் குறைவாகத்தான் சுடுகிறது. தாங்குவதோ அதைவிடக் குறைவு. அதன் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஈரப்பசையுள்ள ஒரு திரவத்தை நம்பி வேலை செய்கிறது. அங்கும் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்ற அதே விதிதான், தொடக்கம் மட்டும் 130 டிகிரியில் இல்லை, 105 டிகிரியில் அல்லது 85 டிகிரியில். மின்னணுச் சோக்கிலும் டிரைவரிலும் உள்ள ஃபெரைட் உள்ளகம் இரும்பு ஆக்சைடைச் சூளையில் சுட்டெடுத்த பீங்கான். அது வெந்துபோவதில்லை, ஆனால் சுமார் நூறு டிகிரிக்கு மேல் அதன் காந்த இழப்பு ஏறத் தொடங்கும், இழப்பு சூட்டைக் கூட்டும், சூடு இழப்பைக் கூட்டும். இரும்புச் சோக் தாங்கிய பூட்டிய பெட்டியை டிரைவர் தாங்காது. பழைய பட்டிக்குள்ளேயே டிரைவரைத் திணித்து ‘மாற்றிவிட்டோம்’ என்று சொல்லும் இடங்களில் டிரைவர்கள் சோக்கைவிடச் சீக்கிரம் போவதைப் பார்த்து எல்.இ.டி.யைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

தொடாமல் சூட்டை அளக்க, சுருளின் செம்பே கருவியாகும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் செம்பின் மின்தடை ஆயிரத்தில் நான்கு பங்கு அளவு கூடும். டியூப்லைட் சோக்கை ஆறிய நிலையில், அறை 30 டிகிரியாக இருக்கும்போது, மல்டிமீட்டரால் அளந்தால் 30 ஓம் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். மூன்று நான்கு மணி நேரம் வழக்கமான இடத்தில், வழக்கமான மூடியோடு எரியவிட்டு, மெயினை அணைத்துக் கம்பியைக் கழற்றி உடனே அளக்க வேண்டும். 37.5 ஓம் காட்டினால் சுருள் 96 டிகிரியில் இருக்கிறது, நிம்மதியாக விடலாம். 42 ஓம் என்றால் 136 டிகிரி. பெட்டியில் துளை போட வேண்டியதுதான். சோடியம் விளக்கின் சோக்கில் தடையே ஓரிரண்டு ஓம்தான் என்பதால் சாதாரண மல்டிமீட்டர் இந்த வித்தியாசத்தை நம்பும்படி காட்டாது. அங்கே சுருளின் ஓரத்தில் தெர்மோகப்பிள் கம்பியைச் செருகி அளப்பது மேல். எந்த முறையானாலும் மே மாதத்துப் பிற்பகலில், விளக்கு முழு நேரமும் எரிந்தபின் அளக்க வேண்டும். மார்கழிக் காலையில் கிடைக்கும் எண் எந்தச் சோக்கையும் நல்ல சோக்காகக் காட்டிவிடும்.